மூன்று காலம், ஒரு டிரங்குப் பெட்டி: வடசென்னையில் மர்மக் கதை பின்னுவது எப்படி

கதையின் இரண்டாம் அத்தியாயத்தைப் பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "அறுபத்தேழுல போட்ட லெட்டர்னு சொல்ற. அப்பால இன்னாத்துக்குடா அட்ரஸ்ல ஆறு நம்பரு போட்டுக்கீற?"

பெரியப்பா புளியந்தோப்புக்காரர். பின்னி மில்லில் சங்கு ஊதினால் சைக்கிளை எடுத்த தலைமுறை. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். அதற்கு முன்பெல்லாம் 'மெட்ராஸ்-12' என்று போட்டாலே போதும், கடிதம் வந்துவிடும். நான் பாட்டுக்கு 1967-ல் 600 012 என்று எழுதி வைத்திருந்தேன். வெட்கமாகப் போயிற்று. திருத்துவதற்குப் பேனாவை எடுத்தபோதுதான் உறைத்தது: இதை ஏன் திருத்த வேண்டும்? இந்தத் தப்பைக் கதைக்குள் இருக்கும் ஒருவன் தலையில் கட்டிவிட்டால்?

பல காலங்களில் நடக்கும் மர்மக் கதை எழுத நினைப்பவர்களுக்கு நான் சொல்ல இருப்பதெல்லாம் அந்த ஆறு இலக்கத்தில் இருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் சாதாரணமாகக் கிடக்கும் ஒரு பொருள் இன்னொரு காலத்தில் தடயமாக வேண்டும். அது நடக்காவிட்டால் உங்களிடம் இருப்பது ஒரு நாவல் கிடையாது, ஒரே அட்டைக்குள் தைத்த மூன்று குறுநாவல்கள்.

முதல் படி: நடந்ததை நேர்வரிசையில் எழுதுங்கள்

எந்த அத்தியாயத்துக்குப் பின் எது என்று இப்போதே யோசிக்காதீர்கள். உண்மையில் என்ன நடந்தது என்பதை, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கிற மாதிரி, தேதி வாரியாக இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம். இந்த வழிகாட்டி முழுக்க நான் பிடித்துக்கொள்ளப் போகும் கதை இது:

அண்ணன், தம்பி இருவரும் மில் தொழிலாளிகள். வீடு பட்டாளம் என்கிற வடசென்னைப் பகுதியில். 1967-ல் அண்ணன் வேலை தேடிப் பம்பாய் போகிறான். 'பொங்கலுக்கு வந்துவிடுவேன், வீட்டுப் பத்திரத்தை நீயே வைத்திரு' என்று மனைவிக்குக் கடிதம் போடுகிறான். 1968 பொங்கலுக்கு முந்தைய இரவு வந்தும் சேர்கிறான். தம்பியோடு பத்திரத்துக்காகத் தகராறு. அண்ணன் விழுகிறான், எழவில்லை. அவன் வந்ததே யாருக்கும் தெரியாது. 1996-ல் மில் மூடப்படுகிறது. கையில் காசில்லாத தம்பி வீட்டை விற்கப் பார்க்கிறான். அதற்காக அண்ணன் 1967-ல் எழுதியது போல ஒரு கடிதத்தைத் தயாரிக்கிறான்: 'எனக்கு வீட்டில் பங்கு வேண்டாம், இனி ஊர் திரும்ப மாட்டேன்.' 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தெருவில் இடுப்பளவு தண்ணீர். பரண் ஏற்றி வைத்திருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி உலர்த்தும்போது பேத்தி கையில் இரண்டு கடிதங்களும் சிக்குகின்றன.

அவ்வளவுதான். இதில் மர்மமே இல்லை என்று தோன்றலாம். இருக்கக் கூடாது. இந்தத் தாள் உங்களுக்கு மட்டும்தான்.

இரண்டாம் படி: எத்தனை காலம் வேண்டும்?

பெரும்பாலும் இரண்டு போதும். மூன்றாவது காலத்தைச் சேர்க்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தக் காலத்தில் யாராவது எதையாவது மறைக்கிறார்களா? வெறுமனே நினைத்துப் பார்க்கிறார்கள் என்றால் அதை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். என் கதையில் 1996 நிற்பதற்கு ஒரே காரணம், பொய்க் கடிதம் அங்கேதான் பிறக்கிறது. நான்கு காலம் வைத்து எழுதுகிறேன் என்று வருபவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது, ஒன்றை வெட்டிவிட்டு ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்பதுதான். யாரும் வெட்டியதில்லை, அது வேறு விஷயம்.

மூன்றாம் படி: ஆண்டைத் தேர்ந்தெடுப்பது

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

வடசென்னை எழுத்தாளனுக்கு ஆண்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. 1856-ல் ராயபுரத்தில் இருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்குப் பக்கத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. ஊரே மூட்டை கட்டியது. 'அவன் பெரிய எம்டன்' என்கிற பேச்சு இன்றும் இருக்கிறது. 1918-ல் மில் தொழிலாளர்கள் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள். 1921-ல் வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும். 1955-ல் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை. 2004 டிசம்பர் 26 சுனாமி. 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ.

எல்லோருக்கும் எம்டன் மேல்தான் முதலில் கண் போகும். எனக்கும் போயிற்று. ஆனால் பெரிய சம்பவம் கதையைத் தின்றுவிடும். குண்டு விழும் இரவில் பத்திரம் தொலைந்தால் வாசகர் குண்டைத்தான் பார்ப்பார். நமக்கு வேண்டியது சம்பவத்தின் ஓரம். 1968 ஜனவரியை நான் எடுத்ததற்குக் காரணம், அந்த மாதத் தொடக்கத்தில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் நடந்தது. ஊர் நிறைய வெளியூர்க்காரர்கள். அது முடிந்த கையோடு பொங்கல் கூட்டம். சென்ட்ரலில் இறங்கிப் பட்டாளத்துக்கு நடந்தே வருகிற ஒருவனை யாரும் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். மாநாட்டைப் பற்றிக் கதையில் இரண்டு வரிதான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வரி இல்லையென்றால், 'அவன் வந்ததை ஒருவர்கூடப் பார்க்கவில்லையா?' என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆண்டைத் தேர்ந்த பின் அந்த ஆண்டில் எது இருந்தது, எது இல்லை என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். என் 1968 தாளில் இருந்தவை: டிராம் கிடையாது, 1953-லேயே நின்றுவிட்டது. மதுவிலக்கு அமலில் இருந்தது. எனவே சாராயக்கடையில் உட்கார்ந்து பேசும் காட்சி வைத்தால் அது திருட்டுச் சாராயமாகத்தான் இருக்க வேண்டும். அதே காட்சியை 1972-ல் வைத்தால் கடை திறந்திருக்கும், 1975-ல் வைத்தால் மறுபடி மூடியிருக்கும். ஆங்கிலத்தில் 'கவர்ன்மென்ட் ஆஃப் தமிழ்நாடு' என்ற முத்திரை எந்தக் காகிதத்திலும் இருக்க முடியாது. மாநிலத்துக்கு அதிகாரபூர்வமாக அந்தப் பெயர் 1969 ஜனவரி 14-ல்தான் வந்தது.

ஒரு எச்சரிக்கை. 1996-ல் மெட்ராஸ் சென்னை ஆனது என்பதை வைத்துத் தடயம் பின்னப் பலருக்கும் ஆசை வரும். தமிழில் அது செல்லாது. அதற்கு முன்பே தமிழில் 'சென்னை' என்றுதான் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். மாறியது ஆங்கிலப் பெயர். ஆங்கிலக் காகிதம் என்றால் மட்டும் இந்தத் தடயத்தைத் தொடுங்கள்.

நான்காம் படி: காலங்களைத் தைக்கும் பொருள்

கதையின் உயிர் இங்கே இருக்கிறது. என் பொருள் அந்த இரண்டு கடிதங்கள்.

முதல் கடிதம் உண்மையானது. முகவரியில் 'மெட்ராஸ்-12'. எழுத்தைப் பாருங்கள்: வேலை, நிலை, தலை எல்லாவற்றிலும் 'லை' இன்று நாம் எழுதுவது போலவே இருக்கிறது. இரண்டாவது கடிதம் பொய். அதில் 'லை', 'னை' எல்லாம் பழைய துதிக்கை வைத்த வடிவம். 'றா', 'னா' கூடப் பழைய சுழி.

பேத்திக்கு 25 வயது. தமிழ் எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978-ல் வந்தது என்று பள்ளியில் படித்திருக்கிறாள். அவள் முடிவு என்னவாக இருக்கும்? 1967-ல் புது எழுத்து கிடையாது, ஆகவே முதல் கடிதம் போலி. பழைய எழுத்தில் இருப்பதுதான் தாத்தா எழுதியது. அப்படியானால் தாத்தா ஊர் திரும்பவே இல்லை. பம்பாயில் எங்கோ காணாமல் போனார். தேட வேண்டிய இடம் பம்பாய்.

வாசகரும் அவளோடு பம்பாய் போவார். போகட்டும்.

ஆனால் 1967 பகுதியில், கொலைக்கும் கடிதத்துக்கும் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில், அண்ணன் படிப்பகத்தில் உட்கார்ந்து 'விடுதலை' படிக்கிறான். அவன் பெரியார் கட்சி. அந்த எழுத்துகளைப் பெரியார் 1935-லேயே 'குடி அரசு' பத்திரிகையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அரசாங்கம் ஏற்றுக்கொள்ள நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. மளிகைச் சீட்டில் அவன் எழுதிய 'வெல்லம், கடலை' பார்த்து மனைவி கேலி செய்கிறாள்: "கடலைக்கு இன்னாயா தும்பிக்கையக் காணோம்? உங்க கட்சிக்காரங்க அதையும் தின்னுட்டாங்களா?" வாசகர் சிரித்துவிட்டுத் தாண்டிவிடுவார். இருநூறு பக்கம் கழித்து அந்தக் கடலைதான் கதையைத் திருப்புகிறது.

தம்பி ஏன் பழைய எழுத்தில் எழுதினான்? தந்திரம் எதுவும் இல்லை. ஐம்பதுகளில் பள்ளிக்கூடம் போனவன், கை அப்படித்தான் போகும். அதே கை, இருபத்து நான்கு வருடப் பழக்கத்தில், பெறுநர் முகவரியில் 600 012 என்றும் போட்டுவிடுகிறது. பெரியப்பா கண்டுபிடித்த என் தப்பு அவன் தப்பாகிவிட்டது. இன்லேண்ட் கவரில் எழுதியிருந்தால் அச்சிட்ட பின்கோடு கட்டங்களே காட்டிக்கொடுத்திருக்கும். அதனால் வெள்ளைத்தாள் கொடுத்தேன்.

உங்கள் கதைக்கு வேறு பொருள் கிடைக்கும். தேடும்போது ஒரு சோதனை வையுங்கள்: இந்தப் பொருளுக்கு மூன்று காலத்திலும் மூன்று அர்த்தம் உண்டா? பூட்டு, பேனா, பழைய போட்டோ மாதிரியான வழக்கமான சாமான்கள் பெரும்பாலும் தேறாது, எல்லாக் காலத்திலும் ஒரே அர்த்தம்தான் கொடுக்கும். சட்டதிட்டம் மாறியதால் அர்த்தம் மாறும் சங்கதிகளைத் தேடுங்கள். காசிமேட்டில் இருந்து ஓர் உதாரணம். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் 2001-ல் தொடங்கியபோது 45 நாள், ஏப்ரல் 15 முதல் மே 29 வரை. 2017-ல் இருந்து 61 நாள், ஜூன் 14 வரை. 'ஜூன் 5 ராத்திரி போட்டுல கடலுக்குப் போயிருந்தேன்' என்று ஒருவன் 2005-ல் சொன்னால் நம்பலாம். அதே வாக்கியத்தை 2019-ல் சொன்னால் அவன் பொய்யன், அல்லது திருட்டுத்தனமாகப் போனவன். படகுக்காரன் மகன் துப்பறிந்தால் இது ஒரு நொடியில் பிடிபடும். மயிலாப்பூரில் இருந்து வருகிற இன்ஸ்பெக்டருக்குப் பிடிபடாது.

கதவு எண்ணும் நல்ல சரக்கு. நம் தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று ஒரே வாசலில் இரண்டு பலகை தொங்குவதைப் பார்க்கிறோம். ஒரு காலத்து 14, இன்னொரு காலத்தில் நான்கு வீடு தள்ளி இருக்கும். இதை வைத்து யாராவது ஒரு நல்ல கதை எழுதுங்கள், நான் வாங்கிப் படிக்கிறேன்.

ஐந்தாம் படி: வயதுக் கணக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தவறவிடாதீர்கள். தம்பி பிறந்தது 1942. 1968-ல் 26, 1996-ல் 54, 2023-ல் 81. அண்ணன் மகன் 1966, பேத்தி 1998. எல்லோருக்கும் இப்படிப் போட்டு வைத்தால், 81 வயதுக் கிழவர் பரண் ஏறும் அபத்தம் வராது. கிழமையையும் சரிபாருங்கள். 1968 ஜனவரி 1 திங்கட்கிழமை. 'ஞாயிற்றுக்கிழமை என்பதால் மில் லீவு' என்று எழுதுமுன் காலண்டரைப் புரட்டுங்கள்.

ஆறாம் படி: எங்கே வெட்டுவது

அண்ணன் 1968-ல் கதவைத் தட்டுகிறான். அத்தியாயம் முடிந்தது, அடுத்தது 2023. கை அப்படித்தான் போகும், தொடர்கதை வளர்த்த கை. ஒரு தடவை செய்யலாம். ஒவ்வொரு அத்தியாயமும் கதவு தட்டும் சத்தத்தில் முடிந்தால் வாசகர் நடுவில் இருக்கும் காலத்தைத் தாவிவிட்டுக் கதவைத் திறக்கப் போய்விடுவார். நான் கடைப்பிடிப்பது வேறு வழி. கதவைத் திறக்க விடுங்கள். தம்பி உள்ளே கூப்பிடட்டும். "சாப்ட்டியாண்ணா?" என்று கேட்கட்டும். அண்ணன் கால் கழுவ அடிபம்பு பக்கம் போகட்டும். அங்கே வெட்டுங்கள். 2023-ல் அதே அடிபம்பு இருந்த இடத்தில் ஒரு சிமெண்ட் மேடை இருக்கிறது, பேத்தி அதன் மேல் நனைந்த துணிகளைக் காயப்போடுகிறாள். அந்த மேடையைப் பற்றி அந்த அத்தியாயத்தில் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

அத்தியாயத் தலைப்பில் ஆண்டு போடலாமா? போடுங்கள். அதை மறைத்து வாசகரை அலைக்கழிப்பது சாமர்த்தியம் இல்லை. ஒரு காலத்தை நிகழ்காலத்திலும் மற்றதை இறந்தகாலத்திலும் எழுதுவதும் எனக்குப் பிடிக்காது. தமிழில் 'வருகிறான், போகிறான்' என்று முந்நூறு பக்கம் படித்தால் வாய் வலிக்கும்.

ஆண்டு போட்டாலும் பேச்சிலேயே காலம் தெரிய வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையை 1968-ன் பாட்டி 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பாள்; பேத்திக்கு அது ஸ்டான்லி. அப்போது நாலணா, 1996-ல் எஸ்டிடி பூத், இப்போது ஜிபே. மெட்ராஸ் பாஷையை எழுதும்போது மட்டும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். வரிக்கு வரி 'கஸ்மாலம், பேமானி' என்று போடுவது சினிமா. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'குந்து', 'அப்பால', 'நாஸ்டா' என்று சாதாரணமாகப் பேசுவார்கள், யாரையும் திட்டாமல்.

ஏழாம் படி: வாசகருக்கு என்ன தெரியும்?

திருவொற்றியூர் கோயில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுந்தரர் சங்கிலி என்ற பெண்ணை மணக்க வேண்டும், உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும், ஆனால் பிரிய வேண்டியும் வரும். அதனால் சிவனிடம் முன்கூட்டியே ஏற்பாடு: நான் சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும். சிவன் சரி என்றுவிட்டு, சங்கிலியிடம் போய், மகிழ மரத்தடியில் சத்தியம் வாங்கு என்று சொல்லிவிட்டார். சுந்தரருக்கு மாட்டிக்கொண்டது அந்த நிமிடம்தான் தெரியும்.

வாசகரைச் சுந்தரர் இடத்தில் நிறுத்துங்கள். எல்லாக் காலமும் பார்த்தவர் என்பதால் தனக்குத்தான் அதிகம் தெரியும் என்று அவர் நினைக்க வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை, எதையும் ஒளிக்கக் கூடாது. ஒவ்வொரு தடயமும் இரண்டு தடவை கண்ணில் படட்டும்: முதல் தடவை வேறு வேலையாக, அடுத்த தடவை தன் வேலையாக. கடலைச் சீட்டு அப்படி. சிமெண்ட் மேடை அப்படி. ஒரே தடவை, அதுவும் கடைசி அத்தியாயத்தில் வந்தால் அது ஏமாற்று வேலை.

போலீஸ் நடைமுறை பற்றி ஒரு வரி: 2023-ல் சந்தேக மரணம் என்றால் பிரிவு 174, கொலை 302. 2024 ஜூலை 1-ல் புதிய சட்டங்கள் வந்த பின் அவை 194, 103. புதுக் கதையிலும் ஏட்டு பழக்கதோஷத்தில் '302' என்று வாய்விட்டால் அது தப்பில்லை, நடப்பதுதான்.

எட்டாம் படி: பிரித்துப் படிப்பது

எழுதி முடித்ததும் நாவலைக் காலவாரியாகப் பிரித்து மூன்று கட்டாக்கிக் கிளிப் போடுங்கள். ஒவ்வொரு கட்டையும் தனியாக, ஒரே மூச்சில் படியுங்கள். எந்தக் கட்டு தனியாகவே முழுக் கதையாக இருக்கிறதோ அதில் ஏதோ அதிகம் சொல்லிவிட்டீர்கள். என் 1996 கட்டு அப்படித்தான் இருந்தது. தம்பி கடிதம் தயாரிக்கும் காட்சியையே முழுதாக எழுதியிருந்தேன். இப்போது அதில் மிச்சம் இருப்பது, அவன் தபாலாபீஸ் எதிரே கடையில் ஒரு பேனாவும் நீல மையும் வாங்குவது, வாங்கிவிட்டு மகளுக்கு என்று பொய் சொல்வது, அவ்வளவுதான்.

பிறகு அந்தப் பகுதியில் அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒருவரிடம் அந்தக் கட்டை மட்டும் கொடுங்கள். முழு நாவலையும் கொடுத்தால் கதையில் விழுந்துவிடுவார், தப்பு தெரியாது. நான் 1968 கட்டைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு நாள் படித்தார். பின்கோடு போய்விட்டதா என்று முதலில் பார்த்தார். கிழமை, மளிகை, படிப்பகம் எதிலும் குறை சொல்லவில்லை. நான் தப்பித்தேன் என்று காபி டம்ளரை எடுத்தேன்.

"எல்லாம் சரிதான்டா. ராத்திரியோட ராத்திரியா அடிபம்பு பக்கத்துல தோண்டுறான்ற. மறுநாளு காலைல அஞ்சு மணிக்கு அந்த ஸ்டோர் வீடுங்கள்ல குடியிருக்கிற அத்தினி பொம்பளைங்களும் தண்ணி புடிக்க வருவாங்களே. அவங்க கால்ல மண்ணு படலையா?"

நாவலில் இன்னும் ஒரு அத்தியாயம் பாக்கி இருக்கிறது. அதிகாலை, குடத்தோடு வரிசையில் நிற்கும் ஒரு பெண். அவளுக்குத் தெரியும்.